புது முட்டையும் உரியாத ஓடும்

கோழி இட்டு ஓரிரு நாட்களே ஆன முட்டையை வேகவைத்து உரிக்கும்போது, ஓட்டோடு வெள்ளைக்கருவும் பிய்ந்து வந்து, வழுவழுப்பாக இருக்க வேண்டிய முட்டை குண்டும் குழியுமாகக் கையில் எஞ்சுவது ஏன் என்பதும், அத்தகைய முட்டையை நாள் கடத்தாமலேயே சேதமின்றி உரித்தெடுக்க வழி உண்டா என்பதும் இவ்வுரை எடுத்துக்கொண்ட இரண்டு கேள்விகள். முதல் கேள்விக்கு வேதியியல் ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன்பே பெரும்பகுதி விடை கூறிவிட்டது. இரண்டாவதற்கான விடை கொங்கு நாட்டின் ஒவ்வொரு வீட்டு அடுப்படியிலும் ஏற்கெனவே இருக்கிறது என்பதும், அது மதிய உணவு மையங்களின் சமையலறைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதுமே இங்கு வலியுறுத்தப்படுவன.

இந்தச் சிக்கல் எல்லா ஊருக்கும் ஒரே அளவில் உரியது அன்று. நாமக்கல்லிலிருந்து கப்பலேறி வளைகுடா நாட்டுக் கடைக்குப் போய்ச் சேரும் முட்டை, அங்கே ஒரு வீட்டின் அடுப்பில் ஏறுவதற்குள் வாரங்கள் கழிந்துவிடுகின்றன. சென்னையின் சில்லறைக் கடையில் வாங்கப்படும் முட்டைக்கும் பெரும்பாலும் சில நாள் வயதாகியிருக்கும். அவ்வூர்களில் முட்டை உரிப்பது ஒரு வேலையாகவே தோன்றாது. பல்லடம் வட்டாரத்தின் நிலை வேறு. தமிழ்நாட்டு முட்டை உற்பத்தியின் தலைநகரான நாமக்கல் ஒரு சில மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. அங்கே காலையில் அடுக்கப்பட்ட முப்பது முட்டை அட்டை, மாலைக்குள் பல்லடம் கடைவீதிக்கு வந்துவிட முடியும். பல்லடமோ கறிக்கோழிக்குப் பெயர் பெற்ற ஊர். கறிக்கோழியின் பண்ணை விலையை அறிவிக்கும் ஒருங்கிணைப்புக் குழு இவ்வூரை மையமாகக் கொண்டு இயங்குகிறது. 1984-இல் உடுமலைப்பேட்டையில் தொடங்கிய சுகுணா நிறுவனமும் அதைப் போன்ற பிற நிறுவனங்களும் வளர்த்தெடுத்த ஒப்பந்தப் பண்ணை முறை, அதாவது குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனம் கொடுக்க, கொட்டகையும் உழைப்பும் விவசாயி கொடுக்கும் ஏற்பாடு, இந்த மண்ணிலிருந்தே நாடெங்கும் பரவியது. கறிக்கோழிக் குஞ்சுகள் பொரிக்க வேண்டுமானால் தாய்க்கோழிப் பண்ணைகள் வேண்டும். அங்கே இடப்படும் முட்டைகளில் அளவு சிறுத்தவை, மிகப் பெருத்தவை, இரட்டை மஞ்சள்கரு உள்ளவை, ஓடு கோணியவை ஆகியன பொரிப்பகத்துக்கு ஏற்றவை அல்ல என்று கழிக்கப்பட்டு உண்பதற்கு விற்கப்படுகின்றன. இவற்றோடு, தோட்டத்துச் சாளைகளில் வளரும் நாட்டுக்கோழிகள் கூடைக்குள் இடும் முட்டைகளையும் சேர்த்துப் பார்த்தால், புத்தம் புது முட்டை எளிதில் கிடைக்கும் ஊர்களுள் பல்லடமும் ஒன்று என்பது விளங்கும். முட்டையின் புதுமை மிகுந்த இடத்தில்தான் உரிக்கும் தொல்லையும் மிகுகிறது. எனவே, புது முட்டையை உரிப்பது எப்படி என்ற கேள்வியை ஆராய இதைவிடப் பொருத்தமான ஊர் அமைவது அரிது.

தொல்லையின் வேரைக் காண முட்டையின் கட்டமைப்பைச் சிறிது விரிவாகவே அறிய வேண்டும். கோழியின் உடலுக்குள் ஒரு முட்டை முழுமை பெற ஏறத்தாழ 24 முதல் 26 மணி நேரம் ஆகிறது. முதலில் மஞ்சள்கரு விடுபடுகிறது. கருக்குழாயில் அது நகரும்போது சுமார் 3 மணி நேரத்தில் வெள்ளைக்கரு அதைச் சூழ்கிறது. அடுத்த ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் நாரிழைகளால் பின்னப்பட்ட இரண்டு சவ்வுகள் அதன்மேல் போர்த்தப்படுகின்றன. பின்னர் ஏறத்தாழ 20 மணி நேரம் ஓடு படிகிறது. மொத்த நேரத்தில் பெரும்பங்கு ஓட்டுக்கே செலவாவது கவனத்துக்குரியது. ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக் கல்லின் மூலப்பொருளே ஆனது. ஒரு முட்டை ஓட்டில் 7,000 முதல் 17,000 வரை நுண்துளைகள் உள்ளன. குஞ்சு மூச்சுவிடுவதற்காக அமைந்த இத்துளைகளே பின்னால் சொல்லப்போகும் மாற்றங்களுக்கெல்லாம் வாயில்கள்.

இரண்டு சவ்வுகளும் சேர்ந்தே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிப்புக்கும் குறைவானவை. அவற்றுள் வெளிச்சவ்வு ஓட்டின் உட்புறத்தில் வேர்விட்டதுபோல் பதிந்திருக்கிறது. உட்சவ்வு வெள்ளைக்கருவைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. கோழியின் உடல் வெப்பம் சுமார் 41 டிகிரி செல்சியஸ். முட்டை வெளியே வந்து குளிரும்போது உள்ளிருக்கும் பொருள் சற்றுச் சுருங்குவதால், மழுங்கிய முனையில் இரு சவ்வுகளும் பிரிந்து நடுவில் காற்று புகுகிறது. இதைக் காற்றறை என்பர். இரு சவ்வுகளும் இயல்பாகவே பிரிந்து நிற்கும் இடம் அது ஒன்றுதான். வெந்த முட்டையை மழுங்கிய முனையில் உடைத்து உரிக்கத் தொடங்க வேண்டும் என்று சமையலறிந்தோர் கூறுவதற்குக் காரணமும் அதுவே. நன்றாக உரியும் முட்டையில் இரு சவ்வுகளும் ஓட்டோடு போய்விடும். உரியாத முட்டையில் உட்சவ்வு வெள்ளைக்கருவை விட மறுக்கும். ஓட்டை இழுத்தால் சவ்வு வரும், சவ்வை இழுத்தால் வெள்ளைக்கரு வரும். ஆகவே, மக்கள் ஓட்டின் குற்றமாகக் கருதுவது உண்மையில் உட்சவ்வுக்கும் வெள்ளைக்கருவுக்கும் இடையே உள்ள பிணைப்பின் விளைவு.

இப்பிணைப்பு புது முட்டையில் மட்டும் ஏன் இத்தனை இறுக்கமாக இருக்கிறது? விடை கார்பன் டை ஆக்சைடில் இருக்கிறது. கோழியின் உடலில் உருவான வெள்ளைக்கருவில் இந்த வாயு நிறையக் கரைந்திருக்கிறது. ஒரு பொருளின் அமிலத் தன்மையையும் காரத் தன்மையையும் அளக்கும் பி.எச். என்ற அளவுகோலில் 7 என்பது நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். அப்போது இட்ட முட்டையின் வெள்ளைக்கரு சுமார் 7.6 என்ற அளவில், நடுநிலையை ஒட்டி நிற்கிறது. ஓட்டின் நுண்துளைகள் வழியே கார்பன் டை ஆக்சைடு வெளியேற வெளியேற, வெள்ளைக்கருவின் காரத் தன்மை ஏறுகிறது. அறை வெப்பத்தில் இரண்டு மூன்று நாட்களில் 9-ஐத் தாண்டி, பின்னர் மெதுவாக ஏறி, நெடுநாள் இருந்த முட்டையில் 9.7 வரை செல்லக்கூடும். உண்ணும் பொருள்களில் இவ்வளவு காரமானவை மிகச் சிலவே. அமெரிக்கக் கோழியியல் ஆய்வாளர்கள் 1960-களில் கண்ட முடிவு, வெள்ளைக்கருவின் பி.எச். 8.7 அல்லது 8.9 என்ற எல்லையைக் கடந்தபின் முட்டை எளிதாக உரிகிறது என்பது. அக்காலத்தில் அந்நாட்டில் முட்டை கெடாதிருக்க ஓட்டின்மேல் கனிம எண்ணெய் பூசும் வழக்கம் பரவியிருந்தது. எண்ணெய் நுண்துளைகளை அடைத்து வாயுவை உள்ளேயே நிறுத்திவிட்டதால், அம்முட்டைகள் பல நாள் ஆன பின்னும் உரிக்க முடியாதவையாக இருந்தன. வயது என்பது நாட்காட்டிக் கணக்கு மட்டும் அன்று, வாயு வெளியேறிய கணக்கு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறு தேவையில்லை.

வெளியேறாத வாயுவைக் கண்ணாலும் காண முடியும். புது முட்டையை உடைத்து ஊற்றினால் வெள்ளைக்கரு சற்றே கலங்கி, பால் கலந்தது போன்ற வெளிறிய நிறத்தில் இருக்கும். நாளாக ஆகத் தெளிந்துவிடும். கலங்கிய வெள்ளைக்கருவைக் கண்டு முட்டை கெட்டுவிட்டது என்று கருதுவோர் உண்டு. அது கெட்டதன் அடையாளம் அன்று, புதுமையின் அடையாளம். ஓர் அட்டையிலிருந்து ஒரு முட்டையை உடைத்துப் பார்த்து வெள்ளைக்கரு கலங்கியிருந்தால், அந்த அட்டையின் மற்ற முட்டைகள் உரிக்கத் தொல்லை தரும் என்று முன்கூட்டியே அறிந்துகொள்ளலாம்.

அப்படியானால் முட்டையை நாலு நாள் வைத்திருந்து வேகவைத்தால் போதாதா என்று கேட்கலாம். பெரும்பாலான வீடுகளுக்கு அதுவே போதும். முட்டையை வேகவைத்து உரித்து விற்கும் ஆலைகளும் இட்ட நாளிலேயே வேகவைப்பதில்லை. சில நாள் இருப்பில் வைத்தே பயன்படுத்துகின்றன. ஆனால், முட்டை முதிர்வதில் இழப்பும் உண்டு. வெள்ளைக்கருவின் கெட்டியான பகுதி நாளாக ஆக நீர்த்துப் போகிறது. தட்டில் உடைத்து ஊற்றிய முட்டையின் கெட்டி வெள்ளைக்கரு எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்பதை முட்டையின் எடையோடு சேர்த்துக் கணக்கிடும் ஹாவ் அலகு, 1937-இல் அமெரிக்கரான ரேமண்ட் ஹாவ் வகுத்தது. இன்றும் உலகெங்கும் முட்டையின் தரத்தை அளக்கும் கோல் அதுவே. அந்த அளவு நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வரும். வெள்ளைக்கரு நீர்த்தால் மஞ்சள்கரு நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் ஒதுங்கும். வேகவைத்து இரண்டாக வெட்டும்போது மஞ்சள் ஓரத்தில் வந்து, மெல்லிய வெள்ளைச் சுவர் கிழியும். மேலும், பங்குனி, சித்திரையில் கொங்குச் சமவெளியின் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும்போது, குளிர்பதனம் இல்லாத இடத்தில் முட்டையை உரிக்கும் வசதிக்காக மட்டும் நாள் கணக்கில் வைத்திருப்பது நல்ல வழக்கம் ஆகாது. வீட்டில் செய்யத்தக்கது, வாங்கிய அட்டையைப் பயன்பாட்டுக்கு ஏற்பப் பிரிப்பது. கொங்கு நாட்டு இரவு உணவகங்களுக்கே உரிய கலக்கி, அரைவேக்காட்டு ஆஃப் பாயில் ஆகியவற்றில் முட்டை முழுதும் வேகாததால், அவற்றுக்குப் புதிய முட்டையே வேண்டும். முழுதும் வேகவைத்து உரிப்பதற்கு ஐந்தாறு நாள் ஆனதை எடுத்துக்கொள்ளலாம்.

எனினும், புது முட்டையையே உரிக்க வேண்டிய தேவை எழும் இடங்கள் உண்டு என்பதால், வேகவைக்கும் முறையின் பக்கம் திரும்ப வேண்டும். இங்கேதான் வழக்கத்தில் உள்ள ஒரு பெரிய தவறு நேர்கிறது. பெரும்பாலான வீடுகளில் முட்டைகளைப் பாத்திரத்தில் போட்டு, மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி, அதன்பிறகே அடுப்பைப் பற்றவைக்கிறார்கள். ஓடு விரிசல் விடாது என்பதே இதற்குக் கூறப்படும் காரணம். அது ஓரளவு உண்மையும்கூட. ஆனால், தண்ணீர் மெல்லச் சூடேறும்போது வெள்ளைக்கருவும் மெல்லச் சூடேறுகிறது. வெள்ளைக்கரு என்பது பல புரதங்களின் கரைசல். அவற்றுள் கொனால்புமின் என்னும் புரதம் 61 டிகிரி அளவிலேயே தன் மடிப்புகள் அவிழ்ந்து இறுகத் தொடங்குகிறது. வெள்ளைக்கருவின் புரதத்தில் பாதிக்கு மேற்பட்ட ஓவால்புமினோ 80 டிகிரியை எட்டிய பின்னரே முழுதும் இறுகுகிறது. மெதுவாக ஏறும் சூட்டில், அவிழ்ந்த புரத இழைகளுக்குத் தங்களுக்குள் பிணைவதற்கு முன் சவ்வின் நாரிழைகளுக்குள் நுழைந்து அவற்றோடு பிணைய நேரம் கிடைத்துவிடுகிறது. மாறாக, கொதிக்கும் வெப்பம் ஓட்டின்மேல் திடீரென்று தாக்கும்போது, வெள்ளைக்கருவின் வெளிப்படலம் நொடிகளில் தனக்குள்ளேயே இறுகி, உள்நோக்கிச் சுருங்கி, சவ்விலிருந்து விலகுகிறது. முட்டையின் வயதுக்கு அடுத்தபடியாக உரிப்பதைத் தீர்மானிப்பது இந்தத் தொடக்கச் சூடுதான். முட்டை புதிதாக இருக்கும்போது, சமைப்போர் கையில் எஞ்சியிருக்கும் ஒரே பிடி அதுவே.

ஆகவே தண்ணீர் தளதளவென்று கொதித்தபின் முட்டையை இட வேண்டும். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த முட்டையை உடனே இட்டால் ஓடு வெடிக்கும் என்பதால், சிறிது நேரம் வெளியே வைத்திருந்து, கரண்டியில் ஏந்தி ஒவ்வொன்றாக இறக்குவது நலம். பல்லடம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குச் சற்று மேலே இருப்பதால் இங்கே தண்ணீர் ஏறத்தாழ 99 டிகிரியில் கொதிக்கிறது. நாமக்கல் பண்ணைகளின் 50 முதல் 55 கிராம் எடையுள்ள வெள்ளை முட்டைக்குக் கொதிநீரில் 11 அல்லது 12 நிமிடம் போதும். அதைவிடச் சிறிய நாட்டுக்கோழி முட்டைக்கு ஓரிரு நிமிடம் குறைத்துக்கொள்ளலாம். 20 நிமிடம், அரை மணி நேரம் என்று கொதிக்கவிடும் பழக்கத்தால் பயன் ஏதும் இல்லை. நெடுநேரச் சூட்டில் வெள்ளைக்கருவின் கந்தகம் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாகப் பிரிந்து, மஞ்சள்கருவின் இரும்போடு சேர்ந்து, மஞ்சளைச் சுற்றிப் பசிய கருநிற வளையத்தை உண்டாக்குகிறது. அது நஞ்சு அன்று. ஆயினும் குழந்தைகள் முட்டையை ஒதுக்குவதற்கு அந்த வளையமும் அதன் வாடையும் போதுமான காரணங்கள்.

ஒரு வீட்டின் நான்கு முட்டைகளுக்குக் கொதிநீர் முறை குறையற்றது. நூறு முட்டைகளுக்கு அது அப்படியே பொருந்தாது என்பதை ஒரு சிறு கணக்கு காட்டும். 55 கிராம் எடையுள்ள நூறு முட்டைகள் ஐந்தரைக் கிலோ. கொதிக்கும் 10 லிட்டர் தண்ணீரில் அவற்றை ஒருசேர இறக்கினால், 28 டிகிரியில் இருக்கும் முட்டைகள் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ள, அடுப்பு ஈடு செய்யாத நிலையில் தண்ணீரின் சூடு 80 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும். விறகடுப்போ, சிறிய எரிவாயு அடுப்போ அந்த இழப்பை ஈடுகட்டி மீண்டும் கொதிநிலைக்குக் கொண்டுவரப் பல நிமிடங்கள் ஆகும். கொதிநீரில் இட்டதாகச் சமைப்பவர் நினைத்திருக்க, முட்டைகள் வெந்ததோ மெல்லச் சூடேறும் நீரில். பெரிய சமையல்களில், கொதித்த தண்ணீரில் போட்டும் முட்டை உரியவில்லை என்ற குறை எழுவதற்குக் காரணம் இதுவாகவே இருக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் இட்லிச் சட்டி முதன்மை பெறுகிறது. மூடிய பாத்திரத்தின் அடியில் இரண்டு விரற்கடை தண்ணீர் கொதித்து, ஆவி நிறைந்தபின், தட்டில் முட்டைகளை அடுக்கி மூடிவிட்டால், ஆவி குளிர்ந்த ஓட்டின்மேல் பட்ட கணமே நீராக மாறுகிறது. ஆவி நீராகும்போது, தான் ஆவியாவதற்காக உள்வாங்கிய வெப்பம் அத்தனையையும் வெளியிட்டுவிடும். இதை இயற்பியலில் உள்ளுறை வெப்பம் என்பர். அதனால் ஆவி, கொதிநீருக்குச் சற்றும் குறையாத வேகத்தில் ஓட்டுக்குச் சூடு கொடுக்கிறது. அதே வேளையில், கொதிநீரில் முட்டைகள் ஒன்றோடொன்று மோதுவதைப்போல் ஆவியில் மோதுவதில்லை; விரிசலும் குறைகிறது. கொதிக்க வேண்டிய தண்ணீர் கொஞ்சமே என்பதால் எரிபொருளும் மிச்சம். 12 அல்லது 13 நிமிடத்தில் முட்டை முழுதும் வெந்துவிடும். மேலைநாட்டுச் சமையல் நூல்கள் அண்மைக் காலத்தில் புது முட்டைக்கு ஆவியே சிறந்தது என்று பரிந்துரைத்து, அதற்கெனத் தனிக் கூடைகளை வாங்கச் சொல்கின்றன. தமிழர் வீடுகளில் அதற்கான கலம் தலைமுறைகளாக இருந்துவருகிறது. அதில் முட்டையை வைக்கும் வழக்கம் மட்டுமே இன்னும் பரவாமல் இருக்கிறது. இட்லித் தட்டின் குழிகளே முட்டைகள் உருளாமல் நிற்கப் போதும். துணி விரிக்க வேண்டியதில்லை.

வெந்தபின் உடனே குளிர்விப்பது அடுத்த படி. சூடான முட்டையைக் குளிர்ந்த நீரில் இடும்போது, உள்ளிருக்கும் வெள்ளைக்கரு ஓட்டைக் காட்டிலும் மிகுதியாகச் சுருங்குகிறது. சவ்வுக்கும் வெள்ளைக்கருவுக்கும் இடையே மெல்லிய இடைவெளி தோன்ற அது வழி செய்கிறது. உள்வெப்பம் விரைவில் தணிவதால் பசிய வளையமும் தவிர்க்கப்படுகிறது. பனிக்கட்டி நீர் கிடைத்தால் நல்லது. கிடைக்காத இடத்தில் மண்பானைத் தண்ணீரை ஊற்றி, அது வெதுவெதுப்பானதும் கொட்டிவிட்டு மீண்டும் இருமுறை மாற்றினால் போதும். மாற்றாத நீரில் முட்டையை ஊறவிடுவதால் பயன் இல்லை, ஏனெனில் சில நிமிடங்களில் அந்த நீரே சூடாகிவிடும். குறைந்தது 10 நிமிடம் குளிர்ந்தபின், மழுங்கிய முனையைத் தட்டி, முட்டையை மேடையில் வைத்து உள்ளங்கையால் மெல்ல உருட்டி, ஓடு முழுதும் நுண்ணிய விரிசல் கண்டபின், தண்ணீருக்குள் வைத்தே உரிக்க வேண்டும். விரிசல் வழியே உள்ளே புகும் நீர், சவ்வைத் தூக்கிக் கொடுக்கும்.

சமையலறைகளில் வழங்கும் வேறு சில உபாயங்களையும் சுருக்கமாக எடைபோடுவது தகும். தண்ணீரில் உப்புப் போட்டால் முட்டை நன்றாக உரியும் என்பது பரவலான நம்பிக்கை. உப்பு செய்வது வேறு: ஓட்டில் விரிசல் விழுந்து வெள்ளைக்கரு கசிந்தால், அதை விரைவில் உறையச் செய்து விரிசலை அடைக்கிறது; சவ்வின் பிணைப்பை அது தொடுவதில்லை. வினிகர் சேர்த்தால் அமிலம் ஓட்டின் சுண்ணாம்பை அரிக்கும். ஓடு மெலியுமே ஒழிய, சிக்கலின் இருப்பிடமான உட்சவ்வு விலகாது. காடை முட்டையைப் பெருமளவில் உரிப்போர் ஓட்டையே கரைப்பதற்காக வினிகரைப் பயன்படுத்துவது தனி முறை. சமையல் சோடா சேர்ப்பதற்கு மட்டும் ஓர் அறிவியல் சாயல் உண்டு. காரம் ஏறினால் முட்டை உரியும் என்ற உண்மையிலிருந்து அது பிறந்தது. ஆனால், சமையல் சோடாக் கரைசலின் பி.எச். ஏறத்தாழ 8.3, எளிதாக உரிவதற்கு வேண்டிய 8.7-ஐக்கூட அது எட்டவில்லை. அதுவும் 12 நிமிடத்தில் ஓட்டையும் இரு சவ்வுகளையும் கடந்து உள்ளே சென்று வெள்ளைக்கருவை மாற்றிவிடும் என்று எதிர்பார்க்க இடமில்லை. மழுங்கிய முனையில் ஊசியால் துளையிடுவது காற்றறையின் காற்றை வெளியேற்றி, முட்டையின் அடியில் பள்ளம் விழாமல் காக்கும். உரிப்பதற்கு அதன் உதவி சிறிதே.

இத்தனை நுணுக்கமும் எவருக்கு மிகவும் தேவை என்ற கேள்விக்கு விடை, அரசுப் பள்ளிகளின் சமையலறைகளில் இருக்கிறது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். அரசு தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில், 1989-இல் கலைஞர் அரசு இரு வாரத்துக்கு ஒரு முட்டை என்று சேர்த்தது. அது படிப்படியாக உயர்ந்து 2010-இல் பள்ளி நாள்தோறும் ஒன்று என வாரத்துக்கு ஐந்து ஆயிற்று. 2013-இல் முன்னோட்டமாகத் தொடங்கிப் பின் பரவலாக்கப்பட்ட கலவை சாத முறையில், வெறும் அவித்த முட்டையின் இடத்தில் மிளகு முட்டை, தக்காளி மசாலா முட்டை போன்றவை வந்தன. இந்த மாற்றம் குழந்தைகளின் நாவுக்கு நன்மை செய்தது. அதே வேளையில், ஓட்டோடு கொடுக்கக்கூடிய முட்டை, சமையலறையிலேயே உரித்தாக வேண்டிய முட்டை ஆயிற்று. மாநிலத்தில் 43 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சத்துணவு மையங்கள் உள்ளன. அவற்றில் அமைப்பாளர் ஒருவர், சமையலர் ஒருவர், சமையல் உதவியாளர் ஒருவர் என்ற அளவிலேயே பணியிடங்கள் அமைந்துள்ளன; அவற்றில் அடுப்பருகே நிற்போர் பெரும்பாலும் பெண்கள். இருநூறு குழந்தைகள் உண்ணும் ஒரு பள்ளியில், முட்டை ஒன்றுக்கு 15 நொடி கூடுதலாகச் செலவானால் மொத்தம் 50 நிமிடம் கூடுதலாகிறது. சோறு வடிக்கவும் குழம்பு கூட்டவும் காய் நறுக்கவும் உள்ள முற்பகல் நேரத்தில் அந்த 50 நிமிடம் சிறியது அன்று. பிய்ந்த முட்டையைப் பெறும் குழந்தைக்கும் இழப்பே. ஓட்டோடு போன வெள்ளைக்கரு, திட்டம் அக்குழந்தைக்கு என்று ஒதுக்கிய புரதம்.

மையங்களுக்கு முட்டை நாள்தோறும் வராமல் சில நாட்களுக்குச் சேர்த்தே வருவதால், வந்த அன்று சமைப்பதும் கடைசி நாளில் சமைப்பதும் ஒன்றுபோல் உரியாது. வந்த முட்டைகள் ஒருவேளை மிகப் புதியவையாக இருந்தால் முதல் நாளில்தான் தொல்லை மிகும். இதை அறிந்த சமையலர் அன்றைக்கு ஆவிமுறையைக் கட்டாயமாகக் கொள்ளலாம். முன்னர் வந்து எஞ்சிய முட்டை இருந்தால் அதை முதலில் எடுப்பது இருப்பு விதிக்கும் உகந்தது, உரிப்பதற்கும் உகந்தது. உரித்த முட்டைக்கு ஓட்டின் காப்பு இல்லை என்பதால், வெயிற்காலத்தில் அதை இரண்டு மணி நேரத்துக்குள் பரிமாறிவிட வேண்டும் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். எளிதில் உரிகிறது என்பதற்காகக் காலையிலேயே உரித்து வைத்துவிடுவது புதிய ஆபத்தைக் கொண்டுவரும்.

இந்த அவையில் அமர்ந்திருப்போரில் பலர் பண்ணைத் தொழிலை நன்கு அறிந்தவர்கள். முட்டையின் எடைக்கும் ஓட்டின் உறுதிக்கும் தீவனக் கலவையின் விகிதத்துக்கும் இவ்வட்டாரம் செலுத்திய உழைப்பு பெரிது. நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. முட்டைக்கு விலை அறிவிக்கும் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு, டாக்டர் பி.வி.ராவின் முயற்சியால் 1982-இல் பிறந்தது. பண்ணை வாயில் வரை இத்தனை அறிவும் அமைப்பும் திரண்டிருக்க, அவ்வாயிலைக் கடந்து அடுப்புக்குச் செல்லும் முட்டையைப் பற்றிய அறிவு மட்டும் ஏட்டில் தங்கிவிட்டது. சமையலர்களுக்கு நடத்தப்படும் பயிற்சிகளில் தூய்மையும் அளவும் கற்பிக்கப்படுவதோடு, முட்டையை எப்போது இடுவது, எத்தனை நிமிடம் வைப்பது, எத்தனை முறை நீர் மாற்றுவது என்பவையும் கற்பிக்கப்பட வேண்டும். ஒரே நேரத்தில் நூறு முட்டைகளை வைக்கத்தக்க, துளையிட்ட தட்டுகள் கொண்ட அடுக்கு ஆவிக் கலம் ஒன்றை மையத்துக்கு ஒன்றாக வழங்குவது பெரிய செலவு அன்று. உணவகங்களுக்கான இட்லிப் பெட்டிகள் கோவையிலும் திருப்பூரிலும் பாத்திரக் கடைகளில் கிடைக்கின்றன, அவற்றின் தட்டை மாற்றினாலே போதும். கலம் கிடைக்கும்வரை, நூறு முட்டைகளை ஒருசேர இடாமல் இருபத்தைந்து இருபத்தைந்தாக, தண்ணீர் மீண்டும் கொதித்தபின் இடுவது இடைக்கால வழி.

மலைப்பகுதி மையங்களுக்குத் தனிக் குறிப்பு ஒன்று வேண்டும். உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைந்து, தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுகிறது. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் கொதிநீரின் சூடு 93 டிகிரியைத் தாண்டுவதில்லை. திறந்த பாத்திரத்து ஆவிக்கும் அதே அளவுதான். அங்கே பல்லடத்தின் 12 நிமிடக் கணக்கைப் பின்பற்றினால் மஞ்சள்கரு நடுவில் வேகாமல் நிற்கும். இரண்டு மூன்று நிமிடம் கூட்டியே வைக்க வேண்டும், அல்லது அழுத்தச் சமையற்கலமான குக்கரை நாட வேண்டும். குக்கரில் நீராவி 100 டிகிரியைக் கடந்து செல்வதால், புது முட்டையும் ஆறேழு நிமிடத்தில் வெந்து நன்றாகவே உரிகிறது. அடுப்பை அணைத்ததும் ஆவியைச் சிறிது சிறிதாக வெளியேற்றிவிட்டு, முட்டைகளை அதற்குள்ளேயே ஆறவிடாமல், உடனே குளிர்நீருக்கு மாற்றிவிட வேண்டும்.